நிலக்கரிக் கணப்பு வாங்கும் முன்: எந்த அளவு, எந்த மாடல், எவ்வளவு செலவு

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கி முதல் குளிர்காலத்தைத் தாண்டியபோது, ஹீட்டிங் எண்ணெய் மட்டும் 600 கேலன் தீர்ந்திருந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் நிலக்கரிதான். வடகிழக்குப் பென்சில்வேனியாவில் அது காலடியில் கிடைக்கிற சரக்கு. நாமும் ஒரு கணப்பு வாங்கிப் போட்டால் போச்சு என்று இறங்கினேன். சரியான கணப்புக்கு வந்து சேர இரண்டு வருடம் பிடித்தது. முதலில் வாங்கியது வகையே தப்பு. அடுத்து வாங்கியதில் வகை சரி, அளவு தப்பு. மூன்றாவதுதான் இன்று ஹாலில் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரிக்கான வழிகாட்டி. ஸ்க்ராண்டன், ஹேசில்டன், பாட்ஸ்வில், ஷமோக்கின் பகுதிகளில் தோண்டப்படுவது அதுதான். பிட்ஸ்பர்க் பக்கமோ ஒஹாயோவிலோ இருக்கிறீர்கள் என்றால் அங்கே கிடைப்பது புகை கக்கும் பிட்டுமினஸ் கரி. அதற்குக் கணப்பின் அமைப்பே வேறு. இந்தக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

1. பழைய எரிபொருள் பில்லை எடுங்கள்

விளம்பரத்தில் "2,000 சதுர அடியைச் சூடாக்கும்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். சுவரில் இன்சுலேஷனே இல்லாத 1920களின் வீடும், போன வருடம் கட்டிய வீடும் ஒரே சதுர அடியாக இருக்கலாம். குளிரில் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் வீட்டைப் பற்றி உண்மை சொல்லக்கூடிய ஒரே காகிதம் போன வருட எரிபொருள் பில்தான்.

என் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு கேலன் ஹீட்டிங் எண்ணெயில் ஏறத்தாழ 1,38,500 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் உண்டு. 600 கேலனுக்கு 8.3 கோடி. பழைய பாய்லர், 80 சதவீதம்தான் வீட்டுக்குள் வந்திருக்கும் என்று வைத்தால் 6.65 கோடி பி.டி.யூ. இதுதான் ஒரு குளிர்காலத்துக்கு என் வீடு கேட்கும் வெப்பம்.

அடுத்து, மிகக் குளிரான இரவுக்கு எவ்வளவு வேண்டும்? ஒவ்வொரு நாளும் வெளியே சராசரி வெப்பநிலை 65 டிகிரிக்கு எவ்வளவு கீழே போகிறது என்பதைக் கூட்டிக்கொண்டே வந்தால் கிடைப்பது "ஹீட்டிங் டிகிரி நாட்கள்"; இந்தப் பகுதியில் ஒரு வருடத்துக்குச் சுமார் 6,000. 6.65 கோடியை 6,000-ஆல் வகுத்து, பிறகு 24-ஆல் வகுத்தால் 462 வரும். வெளியே ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் மணிக்கு 462 பி.டி.யூ. கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம். 65 டிகிரியை அடிப்படையாக வைத்தால், வெளியே 5 டிகிரி ஆகும் ஜனவரி இரவில் வித்தியாசம் 60. ஆக மணிக்கு 27,700 பி.டி.யூ.

நான் இரண்டாவதாக வாங்கிய கணப்பின் தகட்டில் மணிக்கு 90,000 பி.டி.யூ. என்று அச்சடித்திருந்தது. பெருமையாக வாங்கி வந்தேன். டிசம்பரில் வெளியே பனி கொட்ட, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருந்தோம்.

எண்ணெய்க்குப் பதில் கேஸ் என்றால் ஒரு தெர்முக்கு (கேஸ் பில்லில் வரும் அலகு) 1,00,000 பி.டி.யூ., மின்சார ஹீட்டர் என்றால் ஒரு யூனிட்டுக்கு 3,412 பி.டி.யூ. என்று வைத்து இதே கணக்கைப் போடுங்கள். குளிக்கிற வெந்நீரும் அதே பாய்லரிலிருந்து வருகிறதென்றால், கோடை மாத பில்லைப் பார்த்து அந்தப் பங்கைக் கழித்துவிடுங்கள்.

2. கணப்புக்கு முன்னால் புகைபோக்கி

கணப்பை வாங்கி வைத்துவிட்டுப் புகைபோக்கியைப் பார்க்க ஆள் கூப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் செய்தேன். வந்தவர் மேலே ஏறிக் கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஓடு வெடித்திருக்கிறது, இதில் தீ போடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். கணப்பு மூன்று மாதம் கார் நிறுத்தும் இடத்தில் தார்பாய்க்குள் கிடந்தது.

நீங்கள் கேட்க வேண்டியது "லெவல் 2" பரிசோதனை. வீடு கைமாறினாலோ எரிபொருள் மாறினாலோ இந்த அளவுப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 தரநிலை சொல்கிறது. சும்மா டார்ச் அடித்துப் பார்ப்பது லெவல் 1, அது போதாது. அறிக்கையை எழுத்தில், படங்களோடு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

எண்ணெய் பாய்லரின் குழாய் போகும் அதே துளையில் கரிக் கணப்பையும் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனித் துளை வேண்டும். புகைபோக்கிக்கு உள்ளே ஸ்டீல் லைனர் (உள்குழாய்) போடுவதாக இருந்தால், கரிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கிறது. கோடை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மட்டமான ஸ்டீலை அரித்துவிடும். கணப்பில் புகை வெளியேறும் வாய் 6 அங்குலமா 8 அங்குலமா என்பதும் இங்கே முடிவாகிவிடும். வழியில் எங்கும் குழாயைக் குறுக்கக் கூடாது.

3. கரியின் அளவு எது என்று முடிவு செய்யுங்கள்

கரிக்கு அளவுப் பெயர்கள் உண்டு. எந்தக் கணப்பு என்பதில் பாதியை இந்த அளவே முடிவு செய்துவிடும்.

ரைஸ்: 5 முதல் 8 மி.மீ. வரை. பெயர்தான் அரிசி; துவரையைவிடக் கொஞ்சம் பெரிது. தானியங்கிக் கணப்புகளுக்கு.

பக்வீட், சுருக்கமாக பக்: 8 முதல் 14 மி.மீ. கொண்டைக்கடலை அளவு. இதுவும் தானியங்கிகளுக்கே.

பீ: 14 முதல் 21 மி.மீ. கோலிக்குண்டு. கையால் போடும் சின்னக் கணப்புகளில் நன்றாக எரியும்.

நட்: 21 முதல் 41 மி.மீ. கொட்டைப்பாக்கிலிருந்து எலுமிச்சம்பழம் வரை. கையால் போடும் கணப்புகளில் பெரும்பாலானவை இதற்காகச் செய்யப்பட்டவை. கிடைப்பதும் சுலபம்.

ஸ்டவ்: 41 முதல் 62 மி.மீ. சின்ன சாத்துக்குடி. ஆழமான பெரிய கணப்புகளுக்கு மட்டும்.

ரைஸுக்கான கணப்பில் நட் போட முடியாது, இறங்காது. நட் கணப்பில் ரைஸ் போட்டால் கம்பிகளுக்கு இடையே கொட்டிவிடும், கொட்டாதது காற்றை அடைத்துவிடும். ஆகவே பக்கத்துக் கரி யார்டில் (கரி விற்கும் கிடங்கில்) எந்த அளவு எப்போதும் கிடைக்கிறது என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

4. மூன்று வகைகள், ஒரு பொறி

கையால் போடுவது. தீச்செங்கல் பதித்த ஆழமான பெட்டி, அடியில் ஆட்டிவிடும் கம்பித்தட்டு, அதன்கீழ் சாம்பல் தட்டு. மின்சாரம் வேண்டாம். பனிப்புயலில் கரண்ட் போனாலும் இது எரியும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆட்டிக் கரி போட வேண்டும். லங்காஸ்டர் பகுதியில் செய்யப்படும் டி.எஸ். மெஷின், இண்டியானாவின் ஹிட்ஸர் ஆகிய பெயர்களை இங்கே அடிக்கடி கேட்பீர்கள். சின்ன இடத்துக்கு, உருண்டையாக இருக்கும் சப்பி.

ஹாப்பர் வைத்தது. இதுவும் கையால் போடுவதே. ஆனால் தீக்கு மேலே ஒரு தொட்டி இருக்கும். கீழே எரிய எரியக் கரி தன் எடையில் தானே இறங்கும். ஹிட்ஸர் 50-93, 30-95 இந்த வகை. இதற்கும் மின்சாரம் வேண்டாம், தீ ஒரே சீராக நிற்கும். நான் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த வகைக்குத்தான்.

ஸ்டோக்கர். ரைஸ் அல்லது பக் கரியை மோட்டார் தள்ளிக்கொடுக்கும், தெர்மோஸ்டாட் சொல்கிறபடி எரியும். ஸ்கூல்கில் ஹேவனின் கீஸ்டோக்கர், பெர்விக்கின் லெஷர் லைன் எல்லாம் இந்த ஊர்த் தயாரிப்புகள். சிலவற்றுக்குப் புகைபோக்கியே வேண்டாம், விசிறி வைத்துச் சுவர் வழியாகப் புகையைத் தள்ளிவிடலாம். ஆனால் கரண்ட் போனால் கணப்பும் போனது. மோட்டார், விசிறிச் சத்தம் ஓயாமல் இருக்கும். வேலை காரணமாக 12 மணி நேரத்துக்குள் வீடு திரும்ப முடியாதவர்கள் வேறு யோசனையே இல்லாமல் இதை வாங்கலாம்.

இப்போது நான் சிக்கிய பொறி. "விறகும் போடலாம், கரியும் போடலாம்" என்று விற்கப்படும் கணப்பு. நான் முதலில் வாங்கியது அதுதான், பழையது, 450 டாலர். மூன்றாவது இரவு இரண்டு மணிக்கு அணைந்தது. அடுத்த இரவும் அதே இரண்டு மணி. விறகுக்குக் காற்று மேலிருந்து வந்தால் போதும், பெட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கலாம். ஆந்த்ரசைட்டுக்கு எல்லாக் காற்றும் அடியிலிருந்து கரிப் படுகையைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். படுகையும் 8 அங்குலத்துக்குக் குறையாமல் ஆழமாக இருந்தால்தான் தணல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். என் கணப்பில் நாலு அங்குலத்துக்கு மேல் நிரப்பினால் கதவு வழியாக வெளியே உருண்டது. இரண்டையும் ஒழுங்காக எரிக்கிற கணப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் பிரித்தறியத் தெரியாத புதியவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

5. இரண்டு மாடல்களை ஒப்பிடும் முறை

தகட்டில் போட்டிருக்கும் பி.டி.யூ. எண்ணை மறந்துவிடுங்கள். அது பெட்டியை முழு வேகத்தில் எரித்தால் வருவது. கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "தீச்செங்கல் மட்டம் வரை நிரப்பினால் எத்தனை பவுண்டு கரி பிடிக்கும்?"

ஒரு பவுண்டு ஆந்த்ரசைட்டில் சுமார் 12,500 பி.டி.யூ. 40 பவுண்டு பிடிக்கும் பெட்டியை 12 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 3.3 பவுண்டு, அதாவது 41,700 பி.டி.யூ. அதில் 70 சதவீதம் அறைக்குள் வருவதாக வைத்தால் 29,000 சொச்சம். என் வீட்டுக்கு வேண்டியது 27,700. பொருந்துகிறது. ஆனால் அடுத்த முறை கரி போடும்போது பிடித்துக்கொள்ளக் கங்கு மிச்சம் இருக்க வேண்டும், கடைசிப் பவுண்டு வரை எரித்துத் தீர்க்க முடியாது. அதனால் 50 பவுண்டு பிடிக்கும் மாடலாகப் பார்த்தேன். 80 பவுண்டு எனக்கு அநாவசியம்.

மறு முனையையும் பார்க்க வேண்டும். அக்டோபரில் வெளியே 50 டிகிரி என்றால் என் வீட்டுக்கு மணிக்கு 6,900 பி.டி.யூ. போதும். கணப்பை எவ்வளவு அடக்கினாலும் மணிக்கு ஒரு பவுண்டாவது எரியட்டும் என்று வைத்தால் 8,750 வந்துவிடும். ஆக அளவு சரியான கணப்பே அக்டோபரில் அதிகம்தான். பெரிய கணப்பில் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். நவம்பர் பாதி வரை பழைய பாய்லரையே ஓட்டுங்கள், அவசரப்படாதீர்கள்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியவை: கம்பித்தட்டின் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள், குனியாமல் ஆட்ட முடிகிறதா என்று. சாம்பல் தட்டை வெளியே இழுங்கள். சாம்பல் கரியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். தட்டு சின்னதாக இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெளியே போக வேண்டும், அதுவும் பனியில். கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு டாலர் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் காற்று கசிகிறது. பழைய கணப்பு வாங்குகிறீர்கள் என்றால் கம்பித்தட்டு, செங்கல், பின் தகடு மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

6. காகிதங்கள்

முதலில் உங்கள் டவுன்ஷிப் அல்லது பரோ அலுவலகம். கட்டட விதிகளைப் பார்க்கும் அதிகாரியிடம் கணப்புக்குப் பெர்மிட் வேண்டுமா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும். கணப்பின் கையேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பின்புறத் தகட்டில் யு.எல். 1482 (இந்த வகைக் கணப்புகளுக்கான பாதுகாப்புச் சோதனைத் தரநிலை) என்று இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். சோதனைத் தகடே இல்லாத பழைய கணப்பு என்றால், எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 36 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கு 18 அங்குலம். சின்ன ஹாலில் 36 அங்குலம் விட்டால் சோபா போட இடம் இருக்காது. தகடு உள்ளதை வாங்க இதுவே போதுமான காரணம்.

அப்புறம் வீட்டு இன்சூரன்ஸ். சொல்லாமல் வைத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். தீ விபத்து நடந்தால் முதல் கேள்வியே இதுதான். ஒரு படிவம் அனுப்புவார்கள்: யார் பொருத்தியது, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், தரையில் என்ன, புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்தது. கூடவே படங்கள். எனக்கு வருடத்துக்கு 80 டாலர் கூடியது. சில நிறுவனங்கள் கரி என்றாலே முடியாது என்றும் சொல்லிவிடும், அதனால் வாங்குவதற்கு முன் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

ஒரு கோப்பில் ஐந்தும் இருக்கட்டும்: புகைபோக்கி அறிக்கை, கணப்பு கையேடு, ரசீது, பெர்மிட், இன்சூரன்ஸ் பதில். வீட்டை விற்கும் நாளிலும் கேட்பார்கள்.

7. பணமும் காலண்டரும்

என் ரசீதுகளின்படி: பரிசோதனை 300 டாலர், லைனரும் பொருத்தும் கூலியும் 2,400, ஹாப்பர் கணப்பு புதிதாக 2,900, குழாய், டேம்பர் (புகைபோக்கியின் இழுப்பைக் கட்டுப்படுத்தும் தகடு), தரைப் பலகை வகையில் 500. மூட்டைக் கரி 40 பவுண்டு 9 டாலர். 50 மூட்டை ஒரு டன். ஸ்டோக்கர் விசாரித்தபோது கணப்பு மட்டும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் கூடுதலாகச் சொன்னார்கள்.

ஒரு டன்னில் சுமார் 2.5 கோடி பி.டி.யூ. 70 சதவீதம் என்றால் 1.75 கோடி. என் 6.65 கோடிக்கு 3.8 டன். மூட்டையாக வாங்கினால் 190 மூட்டை, 1,710 டாலர். அள்ளிக் கொட்டும் கரி இதைவிட மலிவு, ஆனால் கொட்டி வைக்கத் தொட்டி வேண்டும். உங்கள் ஊர் எண்ணெய் விலையை 600-ஆல் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். போட்ட பணத்தை எடுப்பதிலேயே பல வருடம் போய்விடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புகைபோக்கி ஆளை மே, ஜூனில் கூப்பிடுங்கள். செப்டம்பரில் கூப்பிட்டால் நவம்பருக்குத்தான் தேதி கொடுப்பார். கரியும் கோடையிலேயே வாங்கி அடுக்கிவிடுவது நல்லது. முதல் குளிர் அடித்த வாரம் யார்டில் வரிசை நிற்கும்.

இரண்டு பொருளை விலை பார்க்காமல் வாங்குங்கள். ஒன்று, கார்பன் மோனாக்சைடு அலாரம், மாடிக்கு ஒன்றும் படுக்கை அறைகளுக்கு அருகில் ஒன்றும். ஆந்த்ரசைட் புகையாது, அது எரியும்போது வரும் இந்த விஷ வாயுவுக்கு மணமும் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. இன்னொன்று மானோமீட்டர். புகைபோக்கியின் இழுப்பு எவ்வளவு என்று அதில் தெரியும். உங்கள் கையேட்டில் எவ்வளவு இழுப்பு வேண்டும் என்று போட்டிருக்கிறதோ, அந்த அளவுக்குப் பேரோமெட்ரிக் டேம்பரை (இழுப்பு கூடினால் தானே திறந்துகொள்ளும் தகடு) சரிசெய்து வைத்துவிட்டால் காற்றடிக்கும் இரவிலும் தீ எகிறாது.

8. முதல் வாரம்

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே கெடுதல் செய்யும். அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது, தீ மந்தமாக இருக்கிறதே என்று கம்பியை எடுத்து மேலே நன்றாகக் கிளறிவிட்டார். விறகடுப்புக் கை அது. இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிட்டது. இஸ்திரிக் கடைக் கரியை விசிறுவதுபோல விசிறவும் பார்த்தார், பயனில்லை. "என்னடா கரி இது, கோவிச்சுக்கிட்டுப் போகுது" என்றார். உண்மையிலேயே அப்படித்தான். ஆந்த்ரசைட்டை மேலிருந்து தொடவே கூடாது. ஆட்டுவதெல்லாம் அடித்தட்டை மட்டும்தான்.

பற்றவைக்க, காய்ந்த கட்டை விறகில் நல்ல தீ போட்டுத் தணல் படுகை வரும் வரை பொறுங்கள். அதன்மேல் கரியை மெல்லிய அடுக்காகத் தூவுங்கள். அது பிடித்த பிறகு அடுத்த அடுக்கு. தீச்செங்கல் மட்டம் வரை நிரம்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். கொஞ்சமாகப் போட்டால் சின்னத் தீயாக எரியும் என்று நினைக்காதீர்கள், அணைந்துதான் போகும். எப்போதும் நிரப்பி வையுங்கள், சூட்டைக் காற்றுக் கதவால் கூட்டிக் குறையுங்கள்.

கரி போடும்போது முழுவதையும் மூடிவிடாமல் ஒரு மூலையில் சிவந்த தணல் தெரிய விடுங்கள். புதுக் கரியிலிருந்து கிளம்பும் வாயுவுக்கு அங்கே நீலச் சுடர் பற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மூடினால் வாயு தேங்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றி 'டப்' என்று கதவை உதறும். ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டீர்கள்.

எவ்வளவு ஆட்டுவது? சாம்பல் தட்டில் சிவப்புக் கங்கு விழத் தொடங்கும் வரை. அதற்கு முன் நிறுத்தினால் சாம்பல் அடைத்துக் காலையில் அணைந்திருக்கும், அதற்கு மேல் ஆட்டினால் நல்ல தணல் கொட்டிவிடும். சாம்பலை மூடியுள்ள இரும்புத் தகர வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரப் படியில் வைக்காமல், ஒரு நாளாவது விட்டு வையுங்கள். ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே கங்கு இருக்கும்.

ஏப்ரலில் அணைத்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அதே வாரம் சாம்பல், குழாய்க்குள் படிந்த வெள்ளைத் தூள் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, புகைபோக்கித் துளையை மூடுங்கள். முதல் கோடையில் நான் இதைச் செய்யவில்லை. செப்டம்பரில் குழாயின் முழங்கையை (வளைவுத் துண்டை) விரலால் அழுத்தியபோது விரல் உள்ளே போய்விட்டது. புது முழங்கை 28 டாலர்.